அத்தான் வாங்கிய பெரிய டிஸ்க்

என் அக்கா வீட்டுக்காரர் கேமரா மாட்டுகிறவர். கல்யாணத்தில் படம் எடுக்கிற கேமரா இல்லை. கடையிலும் வீட்டிலும் ஒரு மூலையில் தொங்கிக்கொண்டு, போகிற வருகிறவர்களைப் பார்த்தபடி இருக்குமே, அந்தக் கேமரா. தெருவில் அவருக்குப் பெயரே கேமராக்காரர்தான். எனக்கு அத்தான்.

கல்யாணமான புதிதில் அவர் மொட்டைமாடி மொட்டைமாடியாக ஏறி கேபிள் டிவிக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தார். "உங்க மாப்பிள்ளை தரையில நின்னு பார்த்ததே இல்லையே" என்று எங்கள் அப்பாவைக் கேலி செய்தவர்கள் உண்டு. பிறகு டிவி எல்லாம் ஜனங்களின் போனுக்குள் போய்விட்டது. அத்தான் அசரவில்லை. அதே ஏணி, அதே ஒயர், அதே துளை போடுகிற மெஷினோடு கேமரா வேலைக்கு மாறினார். பெரிய சாமர்த்தியசாலி என்று சொல்ல மாட்டேன். எடுத்த வேலையை முடிக்காமல் ஏணியை விட்டு இறங்க மாட்டார், அவ்வளவுதான். பிள்ளை குட்டி இல்லை. அப்பா அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அக்காவும் அவரும், அடுத்த தெருவில் மருந்துக் கடையில் பில் போடுகிற தங்கை நானும். எங்கள் குடும்பம் அதற்கு மேல் கிடையாது.

அவர் தொழிலைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். கேமரா பார்ப்பதையெல்லாம் ஒரு பெட்டிக்குள் இருக்கிற ஹார்ட் டிஸ்க் எழுதி வைத்துக்கொள்ளும். அந்தப் பெட்டிக்கு ரெக்கார்டர் என்று பெயர். டிஸ்க் நிரம்பிவிட்டால் ரெக்கார்டர் யாரையும் கேட்காது. இருப்பதிலேயே பழைய நாளை அழித்துவிட்டு அந்த இடத்தில் இன்றைய நாளை எழுதும். அதனால் அத்தான் போகிற வீடெல்லாம் ஒரே பாட்டைத்தான் பாடுவார்: "சின்ன டிஸ்க் சீக்கிரம் மறக்கும். பெரிய டிஸ்க் மெதுவா மறக்கும். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க." எல்லோரும் சின்னதைத்தான் கேட்பார்கள்.

இன்னொரு வசனமும் உண்டு. புது டிஸ்க்கை மாட்டினால் ரெக்கார்டர் முதலில் அதைத் துடைத்துத் தயார் செய்ய வேண்டும். ஃபார்மட் என்பார்கள். 'இதில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும், சம்மதமா?' என்று திரையில் சிவப்பாக ஒரு கேள்வி வரும். வீட்டுக்காரர்கள் பதறுவார்கள். அத்தான் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அது அப்படித்தான் கேக்கும், ஓகே குடுங்க" என்பார். புது டிஸ்க்கில் அழிய என்ன இருக்கிறது. எத்தனை வீட்டில் அப்படி ஓகே கொடுத்திருப்பார் என்று அவருக்கே கணக்கு தெரியாது.

அக்காவுக்கும் கேமராவுக்கும் ஏழாம் பொருத்தம். அவளுக்கு முன்பல் கொஞ்சம் தூக்கல். சின்ன வயதில் எவளோ ஒருத்தி அதைச் சொல்லிச் சிரித்துத் தொலைத்தாள், அன்றோடு சரி. போட்டோ என்றால் கூட்டத்தில் யார் முதுகுக்குப் பின்னாலாவது ஒளிந்துகொள்வாள். தப்பித்தவறி மாட்டினால் வாயைக் கையால் மூடிக்கொள்வாள். கல்யாண போட்டோவில்கூட உதட்டைப் பசை போட்டு ஒட்டினவள் மாதிரி நிற்பாள். கேமராக்காரரைக் கட்டிக்கொண்டவள் இப்படி என்று நான் கிண்டல் செய்தால், "அவரைத்தான் கட்டிக்கிட்டேன், அவர் கேமராவையா கட்டிக்கிட்டேன்" என்பாள்.

அப்படிப்பட்டவள் ஏமாந்தது ஒரே ஒரு கேமராவிடம்தான். வீட்டு வாசலுக்கு மேலே அத்தான் ஒன்று மாட்டியிருந்தார். சத்தமும் பதிகிற ரகம். வாடிக்கையாளர்களிடம் போனை நீட்டி, "பாருங்க, இது என் வீடு, எவ்வளவு தெளிவா தெரியுது" என்று காட்டுவதற்காக. முதல் வாரம் அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போய் வந்தாள். அப்புறம் மறந்தே போனாள். அது பாட்டுக்கு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் பாட்டுக்குப் பால்காரரோடு சண்டை போட்டாள், பூனையை விரட்டினாள், தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள், வாயை மூடாமல் சிரித்தாள்.

போன வருஷம் ஒரு காலையில் அக்கா படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார் டாக்டர். அதற்கு மேல் அவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

வீடு முழுக்க ஆட்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த நேரத்தில் அத்தான் எழுந்து மாடிப்படிக்கு அடியில் குனிந்து, ரெக்கார்டரின் ஒயரைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பெண்டாட்டி கூடத்தில் கிடக்கிறாள், இந்த மனுஷனுக்கு மெஷின் கேட்கிறதா என்று அத்தனை பேர் முன்னாலும் கத்திவிட்டேன். அவர் ஒயரைச் சுருட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

சுவரில் மாட்ட ஒரு போட்டோ தேடியபோதுதான் எனக்கு விளங்கியது. வீட்டில் ஒரு படம் உருப்படியாக இல்லை. கடைசியில் அடையாள அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கிக் கொண்டுவந்தோம். அதில் அவள் யாரோ வேற்றாளைப் போல இருக்கிறாள். என் அக்கா அக்காவாகவே இருந்தது அந்த ரெக்கார்டரில் மட்டும்தான். அவளுடைய கடைசி ஒரு மாசம். அத்தான் அன்று ஒயரைப் பிடுங்காமல் விட்டிருந்தால், துக்கத்துக்கு வந்தவர்களின் செருப்புக் குவியலை அது அவள் மேல் எழுதியிருக்கும்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போவேன். அத்தான் கேமராவின் இணைப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ரெக்கார்டரை மட்டும் ஓட்டுவார். அதில் ஒரு காலண்டர் வரும். பதிவு இருக்கிற தேதிகள் நீல நிறத்தில் இருக்கும். ஏதாவது ஒரு நீலத்தைத் தொட்டால் அக்கா கதவைத் திறந்துகொண்டு வருவாள். ஒரு நாள் கீரைக்காரியிடம் பேரம் பேசினாள். ஒரு நாள் வெளியே வந்து, எதற்கு வந்தோம் என்று மறந்துபோய் நின்று, தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போனாள். அத்தான் அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்வார், போடுவதும் அவரேதான்.

நாலைந்து மாசம் இப்படிப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அத்தான் கையைத் தூக்கி என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னார். குனிந்து ரெக்கார்டரின் மேல் காதை வைத்தார்.

"டிக் டிக்னு கேக்குது," என்றார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"உனக்குக் கேக்காது. பழைய டிஸ்க். போகப் போகுது."

உடனே ஒரு டிஸ்க் வாங்கி அதில் நகல் எடுக்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அவர் மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி பார்க்க ஆரம்பித்தார். வீட்டு கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, எந்தக் கம்பெனி, எத்தனை டிபி கொள்ளும், எத்தனை வருஷம் உழைத்தது, வாங்கினவன் என்ன புலம்பியிருக்கிறான் என்று ஒன்று விடாமல் படித்தார். ஒன்றில் சத்தம் அதிகம். ஒன்று சூடாகிறது. ஒன்று எழுதும்போது திணறுகிறது. எல்லாவற்றுக்கும் ஒரு நொட்டை. ஆயிரம் வீட்டுக்கு யோசிக்காமல் டிஸ்க் எடுத்துக் கொடுத்த மனுஷன், தனக்கென்று வரும்போது ஒரு முடிவுக்கு வர முடியாமல் தவித்தார். அதற்குள் அந்த டிக் டிக் எனக்கே கேட்க ஆரம்பித்தது. கடைசியில் நான்தான் கடைக்கு லீவு போட்டுவிட்டு, கையைப் பிடித்து இழுக்காத குறையாக அவரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

அத்தான் வழக்கமாகச் சாமான் வாங்குகிற மொத்தக் கடை அது. படி இறங்கிப் போக வேண்டும். கண்ணாடி அலமாரியில் டிஸ்க்குகள் சோப்புக்கட்டிகள் மாதிரி அடுக்கியிருந்தன. கடைக்காரர் அவரைப் பார்த்ததும் வழக்கமான சின்ன டிஸ்க்குகளை எடுக்கப் போனார்.

"இருக்கிறதிலேயே பெருசு எது?" என்றார் அத்தான்.

"எந்த ஃபேக்டரிக்குண்ணே?"

"வீட்டுக்கு. வீட்டு கம்ப்யூட்டருக்கு."

கடைக்காரர் உள்ளேயிருந்து ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். இருபது டிபி. கையில் வாங்கிப் பார்த்தேன், நல்ல கனம். உள்ளே காற்றே கிடையாதாம், பலூனுக்குப் போடுகிற வாயுவை அடைத்திருக்கிறார்களாம். "பார்த்து, பறந்துடப் போகுது" என்றேன். கடைக்காரர் சிரித்தார். அத்தான் சிரிக்கவில்லை.

"இதுல என்ன வைக்கப் போறீங்கண்ணே?"

"ஒரு மாசம்."

"எத்தனை கேமரா?"

"ஒண்ணு."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் அலமாரியைப் பார்த்தேன்.

"ஒரு கேமராவோட ஒரு மாசம் இதுல ஒரு ஓரத்துல கிடக்கும்ணே. சின்னதா ரெண்டு எடுத்துக்குங்க. ரெண்டுலயும் காப்பி போட்டு வைங்க. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கும்."

"சின்னது வேணாம். நிரம்பிடும்."

"எப்படிண்ணே நிரம்பும்? ஒரு மாசம்தானே வைக்கிறீங்க?"

"நிரம்பினா பழசை அழிச்சிடும்."

"அது உங்க ரெக்கார்டர்ணே. கம்ப்யூட்டர் தானா எதையும் அழிக்காது."

அத்தானுக்கு இது தெரியாதா. நன்றாகவே தெரியும். ஆனால் இத்தனை வருஷமாக அவர் வாய் சொல்லி அவர் காதே கேட்ட பாட்டு ஒன்று இருக்கிறதே. பெரியது மெதுவாக மறக்கும். அதைத் தாண்டி வேறு எதுவும் அவர் தலைக்குள் ஏறவில்லை. கடைக்காரர் சொன்னது சரி என்று எனக்குப் பட்டது. அப்படியே வாய்விட்டும் சொன்னேன். "நீ சும்மா இரு, சின்னவளே" என்றார். பெரியதுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"வாரண்டி எவ்வளவு?"

"அஞ்சு வருஷம்ணே."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் அதோட ஆயுசு," என்றார் கடைக்காரர்.

டிஸ்க்கைத் துணிப்பையில் போட்டு, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு குலுக்கலுக்கும் இரண்டு கையாலும் பையைத் தூக்கிப் பிடித்தார்.

அதை கம்ப்யூட்டரில்தான் மாட்டினார். ரெக்கார்டரிலிருந்து ஒயர் போட்டு, பதிவுகளை அதற்கு அனுப்ப ஆரம்பித்தார். அது நத்தை வேகத்தில் போனது. இரண்டு சாயங்காலம் உட்கார்ந்தும் ஒரு நாளின் பதிவுகூட முழுசாக வந்து சேரவில்லை. பழைய டிஸ்க்கின் சத்தமோ கூடிக்கொண்டே வந்தது. இப்படியே போனால் பாதியில் உயிரை விட்டுவிடும் என்று அவருக்கு பயம் வந்துவிட்டது. ரெக்கார்டரில் இரண்டாவது டிஸ்க் மாட்ட ஒரு காலி இடம் இருந்தது. புதியதைக் கழற்றி அங்கே மாட்டினால், ரெக்கார்டரே உள்ளுக்குள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வேகமாக நகல் எடுத்துவிடும். எடுத்த பிறகு அதை கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொள்ளலாம். யோசனை சரியானதுதான். இன்றைக்கும் அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான் கூடத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அத்தான் மாட்டி முடித்து ரெக்கார்டரைப் போட்டார். திரையில் இரண்டு டிஸ்க்கும் இரண்டு வரியாக வந்தன. மேலே பழையது, கீழே புதியது. புதியதை ஃபார்மட் செய்ய வேண்டும், கம்ப்யூட்டரில் அதற்கு வந்திருந்த அரைகுறைத் துண்டு போனால் போகட்டும் என்றார். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு சின்னக் கட்டம். அந்தக் கட்டங்களுக்கெல்லாம் மேலே இன்னொரு கட்டம். அதைத் தொட்டால் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். புது இடத்தில் மாட்டும்போது அத்தான் எப்போதும் அந்த மேல் கட்டத்தைத்தான் தொடுவார். ஒரே தட்டில் வேலை முடிந்துவிடும்.

சிவப்புக் கேள்வி வந்தது. அதை நானும் பார்த்தேன். எனக்கு எழுத்து தெரியாமல் இல்லை. 'அனைத்தும் அழிந்துவிடும்' என்று இருந்தது.

"அத்தான், என்னமோ அழிஞ்சிடும்னு கேக்குதே," என்றேன்.

"அது அப்படித்தான் கேக்கும்," என்றார். ஓகே கொடுத்தார்.

ரெக்கார்டர் ஒரு பீப் அடித்தது. அவர் எழுந்து, எந்த வீட்டிலும் செய்வது போல, வாசல் கேமராவின் இணைப்பைத் திரும்பச் சொருகினார். புது டிஸ்க் ஒழுங்காக எழுதுகிறதா என்று கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பார்ப்பது அந்தத் தொழிலில் வழக்கம். கை கழுவிக்கொண்டு வந்தார். சாப்பிட்டோம். இவ்வளவு சீக்கிரம் முடியும் என்று தெரிந்திருந்தால் கம்ப்யூட்டரோடு இரண்டு சாயங்காலம் மல்லுக்கட்டியிருக்கவே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டார். ரொம்ப நாளைக்குப் பிறகு இன்னொரு கை சோறு கேட்டு வாங்கிக்கொண்டார். சாயங்காலம் நகல் எடுக்கலாம் என்று காலண்டரைத் திறந்தார்.

காலண்டர் முழுக்க வெள்ளையாக இருந்தது. அக்காவின் மாசத்துக்குப் போனார், அதுவும் வெள்ளை. முன்னால் போனார், பின்னால் வந்தார். இன்றைய தேதி மட்டும் நீலமாக இருந்தது.

அவர் வலது கையைத் தூக்கி முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு, யாருடைய கையையோ பார்ப்பது போல் அதையே பார்த்தார். அப்புறம், "சின்னவளே, அந்தக் கேமரா ஒயரைக் கழட்டு" என்றார். நான் ஓடிப்போய்ப் பிடுங்கினேன். இத்தனை நேரமும் அது எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. ஒருவரும் வராத வாசலை, என் அக்காவின் மேல் எழுதிக்கொண்டிருந்திருக்கிறது.

அவரை நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்கு நாக்கு துறுதுறுத்தது. இரண்டு சின்ன டிஸ்க்கை வாங்கியிருக்கலாமே, நான் சொன்னேனே, சிவப்பாகக் கேட்டதே. எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை. பாத்திரம் கழுவப் போய்விட்டேன். அங்கே நின்று அழுதேன்.

அழிந்ததை மீட்டுக் கொடுக்கிற ஒருவரிடம் பழைய டிஸ்க்கைக் கொடுத்தோம். அதையே தொழிலாகச் செய்கிறவர். மேலே எழுதின இடம் போனது போனதுதான், மீதியும் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும், டிஸ்க் வேறு சாகக் கிடக்கிறது, எது கிடைக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஒரு மாசம் வைத்திருந்தார். அத்தான் தினமும் போன் போட்டு அவர் உயிரை எடுத்தார். ஒரு நாள் டிஸ்க் அடியோடு நின்றுவிட்டது என்று சொல்லி அந்த மனுஷர், அதுவரை கிடைத்ததை ஒரு பென் டிரைவில் போட்டுக் கையில் கொடுத்தார்.

இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். மழை பெய்கிற வாசல். பூனை. பால்காரர் பாக்கெட்டை வைத்துவிட்டு சைக்கிளைத் திருப்புகிறார். மழை. பூனை. அணைந்து அணைந்து எரிகிற தெருவிளக்கு. அக்கா ஒன்றிலும் இல்லை. அவள் வீட்டு வாசலில் நின்ற நேரத்தையெல்லாம் கூட்டினால் எவ்வளவு இருந்துவிடப் போகிறது. பூனைதான் நாள் முழுக்க இருந்தது.

கடைசித் துண்டில் நான் இருந்தேன். கையில் குடை, முதுகுப் பக்கம்தான் தெரிகிறது. மணியை அழுத்துகிறேன். உள்ளேயிருந்து அக்காவின் குரல் வருகிறது.

"யாரு?"

"நான்தான்க்கா."

தாழ்ப்பாள் இழுபடுகிறது. கதவு ஒரு விரல்கடை திறக்கிறது. அதோடு படம் பச்சைக் கட்டங்களாக உடைந்து நின்றுவிடுகிறது.

அத்தான் அதை ஒரு தடவைதான் போட்டார். என் பக்கம் திரும்பி, "கதவைத் திறந்து என்ன சொன்னா?" என்றார்.

யோசித்தேன். குடை கையில் இருந்ததால் மழைநாள். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அந்த வாசலில் எத்தனை தடவை மணி அடித்திருப்பேன், எத்தனை தடவை அவள் கதவைத் திறந்திருப்பாள். ஒன்றின் மேல் ஒன்று விழுந்து எல்லாம் ஒரே தடவை மாதிரி ஆகிவிட்டது. 'நனைஞ்சிட்டியா' என்று கேட்டிருப்பாள். கேட்காமலும் இருந்திருப்பாள். ஏதாவது ஒன்றை இட்டுக்கட்டிச் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல வரவில்லை.

"ஞாபகம் இல்ல அத்தான்."

"சரி," என்றார். கம்ப்யூட்டரை அணைத்தார்.

இப்போது அந்தப் பெரிய டிஸ்க் ரெக்கார்டரில்தான் இருக்கிறது. வாசல் கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது. இருபது டிபி நிரம்ப வருஷக்கணக்காகும். அதுவரைக்கும் ஒரு நாளும் அழியாது. பால்காரர் அழிய மாட்டார், பூனை அழியாது, மணியை அடித்துவிட்டு நிற்கிற நானும் அழிய மாட்டேன். வேலைக்கு அவர் அவ்வளவாகப் போவதில்லை. போகிற இடத்திலும் புது டிஸ்க்கைத் தயார் செய்யும்போது வீட்டுக்காரர்களையே ஓகே கொடுக்கச் சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொள்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போகிறேன். உள்ளேயிருந்து "யாரு?" என்கிறார். 'நான்தான்க்கா' என்று வாய் வரைக்கும் வந்துவிடும், விழுங்கிவிட்டு, "நான்தான் அத்தான்" என்கிறேன். கதவைத் திறந்ததும் அவர் கேட்பது ஒன்றுதான்.

"ஞாபகம் வந்துச்சா?"

"இல்ல அத்தான்."

தலையை ஆட்டிவிட்டு, டீ போட உள்ளே போகிறார்.